காயமடைந்த பேஸ்பால் வீரருக்குப் பதில் யார்? டிரேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணியின் முக்கியமான ஆட்டக்காரர் சீசன் நடுவில் காயமடைந்தால், அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் அவர் இடத்தை எப்படி நிரப்புகிறார்கள்? கிரிக்கெட் பார்த்து வளர்ந்து இப்போது பேஸ்பாலையும் பின்தொடரும் நண்பர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் இதைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பல பதில்களில் 2021-ஆம் ஆண்டின் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி வரும். இந்த வேலையை அதைவிட நன்றாகச் செய்த அணியை நான் பார்த்ததில்லை.

ஐ.பி.எல். மாதிரி வெளியிலிருந்து ஒருவரை ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாதா?

விதிப்படி முடியும். ஆனால் அப்படி எடுக்கத் தகுந்த ஆள் கிடைக்க மாட்டார். ஐ.பி.எல்.-இல் ஏலத்தில் விலைபோகாத நல்ல ஆட்டக்காரர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். யாராவது காயமடைந்தால் அவர்களில் ஒருவரை அழைக்கலாம். மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 26 பேர் கொண்ட ஆடும் பட்டியல், அதையும் உள்ளடக்கிய 40 பேர் பட்டியல், அதற்குக் கீழே ஆட்டக்காரர்களை வளர்க்கும் பல அடுக்கு மைனர் லீக் அணிகள். ஜூலை மாதத்தில் எந்த அணியிலும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் என்றால், 30 அணிகளும் பார்த்து வேண்டாம் என்று விட்டவர் என்று பொருள். ஆகவே வழி இரண்டுதான். சொந்த மைனர் லீக்கிலிருந்து ஒருவரை மேலே கொண்டுவரலாம், அல்லது இன்னொரு அணியிடம் எதையாவது கொடுத்து ஆளை வாங்கலாம். இரண்டாவதுதான் டிரேட்.

காயமடைந்தவர் அணியில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பாரா?

இல்லை. அவரைக் காயப் பட்டியலில் வைப்பார்கள். இப்போதைய விதியில் மட்டையாளர் என்றால் குறைந்தது 10 நாள், பிட்சர் (பந்து வீசுபவர்) என்றால் 15 நாள். 26 பேரில் ஓர் இடம் காலியாகும். காயம் பெரிது என்றால் 60 நாள் பட்டியல் இருக்கிறது. அதில் வைத்தால் 40 பேர் பட்டியலிலும் இடம் கிடைக்கும். டிரேடில் வருபவரை உட்கார வைக்க அந்த இடம் தேவை. காயமடைந்தவரின் சம்பளம் நிற்காது. மேஜர் லீக் ஒப்பந்தங்களில் விளையாடும்போது காயமடைந்தால் முழுச் சம்பளமும் உண்டு. அதனால்தான் பணம் குறைந்த அணிகளுக்கு இது இரட்டைச் சுமை: படுத்திருப்பவருக்கும் கொடுக்க வேண்டும், அவருக்குப் பதிலாக வருபவருக்கும் கொடுக்க வேண்டும்.

2021-இல் பிரேவ்ஸுக்கு என்னதான் நடந்தது?

ஜூலை 10, மயாமி. வலப்பக்க அவுட்ஃபீல்டில் (எல்லைச் சுவரை ஒட்டிய வெளிப்பரப்பில்) நின்ற ரொனால்ட் அகுன்யா ஜூனியர், சுவரை நோக்கிப் பறந்த பந்தைப் பிடிக்க ஓடிக் குதித்தார். இறங்கும்போது வலது முழங்கால் மடங்கிவிட்டது. ஏ.சி.எல். தசைநார் முழுதாகக் கிழிந்திருந்தது, சீசன் முடிந்தது. அப்போது அவருக்கு 23 வயது. 82 ஆட்டங்களில் 24 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) அடித்து, 17 தளங்களைத் திருடியிருந்தார் (பந்து அடிபடாமலேயே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது). லீக்கின் மிகச் சிறந்த ஐந்தாறு பேரில் ஒருவர் என்று தயங்காமல் சொல்லலாம்.

அகுன்யா மட்டும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இடப்பக்கம் ஆடிய மார்செல் ஒசூனா மே மாதமே விரல்கள் முறிந்து வெளியேறி, பிறகு லீக் விசாரணையின் கீழ் விடுப்பில் வைக்கப்பட்டு, அந்த சீசனில் திரும்பவே இல்லை. நடுவில் ஆட வேண்டிய இளைஞர் கிறிஸ்டியன் பாச்சே மட்டை பேசாமல் மைனர் லீக்குக்குத் திரும்பியிருந்தார். ஆக, ஏப்ரலில் தொடங்கிய மூன்று அவுட்ஃபீல்டர்களில் ஒருவரும் மிச்சமில்லை. ஆல்-ஸ்டார் இடைவேளையின்போது அணி 44 வெற்றி, 45 தோல்வி. தங்கள் பிரிவில் மூன்றாம் இடம், முதலிடத்தில் இருந்த நியூயார்க் மெட்ஸுக்கு நான்கு ஆட்டம் பின்னால்.

அந்த நிலையில் சீசனைக் கைவிடுவதுதானே புத்திசாலித்தனம்?

பலரும் அப்படித்தான் எழுதினார்கள். இருப்பவர்களை விற்று அடுத்த ஆண்டுக்குத் தயாராகலாம் என்பது அப்போது நியாயமான யோசனைதான். பொது மேலாளர் அலெக்ஸ் ஆந்தோபூலஸ் வேறு கணக்குப் போட்டார் என்று அவர் செய்ததிலிருந்து தெரிகிறது. அவர்களது பிரிவில் எந்த அணியும் பெரிதாக முன்னால் போய்விடவில்லை. ஃப்ரெடி ஃப்ரீமன், ஆஸ்டின் ரைலி, ஓசி ஆல்பீஸ், டான்ஸ்பி ஸ்வான்சன் என்று உள்வட்டத்தில் நால்வரும் நலமாக இருந்தார்கள். ஓட்டை ஓரிடத்தில், அவுட்ஃபீல்டில், மட்டும் இருந்தது. ஓட்டை அணி முழுக்கப் பரவியிருந்தால் ஜூலையில் எதையும் வாங்கக் கூடாது. ஓரிடத்தில் குவிந்திருந்தால் அடைக்கப் பார்க்கலாம்.

அகுன்யாவுக்கு இணையானவரை எங்கே தேடுவது?

தேடவே கூடாது என்பதுதான் என் பதில். இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் இதுதான்.

அகுன்யா அளவிலான ஆட்டக்காரரை ஜூலையில் எந்த அணியும் விற்காது. விற்றால் நம் மைனர் லீக்கின் எதிர்காலத்தையே எழுதிக் கேட்கும். அதனால் அகுன்யாவை மறந்துவிட்டு, மீதமிருக்கும் எழுபது சொச்சம் ஆட்டங்களை எண்ண வேண்டும். அந்த ஆட்டங்களில் மூன்று அவுட்ஃபீல்டு இடங்களில் இப்போது யார் நிற்கிறார்கள்? பிரேவ்ஸில் நின்றவர்கள் மாற்று ஆட்டக்காரர்கள். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே ஆடும் ஷார்ட்ஸ்டாப்பான ஒர்லாண்டோ ஆர்சியாவை இடப்பக்க அவுட்ஃபீல்டில் நிறுத்தி ஆடினார்கள், அவ்வளவு தட்டுப்பாடு. அந்த இடங்களில் ‘சராசரி’ என்று சொல்லத்தக்க ஆட்டக்காரர்கள் மூன்று நான்கு பேர் வந்தாலே அணி வெகுவாக உயர்ந்துவிடும். சராசரி ஆட்டக்காரர் மலிவு. அந்த ஆண்டு சரியாக ஆடாத சராசரி ஆட்டக்காரர் இன்னும் மலிவு.

ஜூலை 15 அன்று சிகாகோ கப்ஸிடமிருந்து ஜாக் பீடர்சன் வந்தார். காயம் நடந்து ஐந்தே நாள். அப்புறம் டிரேட் செய்வதற்கான கெடு நாளான ஜூலை 30 அன்று மூன்று பேர்: மயாமியிலிருந்து ஆடம் டுவால், கன்சாஸ் சிட்டியிலிருந்து ஹோர்ஹே சொலேர், க்ளீவ்லாண்டிலிருந்து எடி ரொசாரியோ. பீடர்சனும் ரொசாரியோவும் இடக்கை மட்டையாளர்கள். டுவாலும் சொலேரும் வலக்கை. எதிரணி பிட்சர் எந்தக் கைக்காரர் என்று பார்த்து ஆளை மாற்ற, களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் பிரையன் ஸ்னிட்கருக்கு வசதி. டுவால் மூன்று அவுட்ஃபீல்டு இடங்களிலும் நன்றாகப் பந்து பிடிப்பவர். மட்டை நின்றாலும் அவர் கையுறை நிற்காது.

இந்த நால்வரும் பிரேவ்ஸுக்காக அந்த சீசனில் அடித்த ஹோம் ரன்கள் 7, 16, 14, 7. மொத்தம் 44.

அந்த நால்வருக்கும் என்ன கொடுத்தார்கள்?

பீடர்சனுக்கு மைனர் லீக் முதல் தள ஆட்டக்காரர் பிரைஸ் பால். டுவாலுக்கு மாற்று கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) அலெக்ஸ் ஜாக்சன். சொலேருக்கு மைனர் லீக் பிட்சர் கேசி கேலிச். ரொசாரியோவுக்கு மூத்த ஆட்டக்காரர் பாப்லோ சாண்டோவால். அவரை க்ளீவ்லாண்ட் வாங்கிய கையோடு விடுவித்துவிட்டது. அதாவது க்ளீவ்லாண்டுக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை, ரொசாரியோவின் மீதிச் சம்பளம் தலையிலிருந்து இறங்கினால் போதும். நால்வருக்கு ஈடாகப் போன இவர்களில் ஒருவர்கூடப் பிறகு மேஜர் லீக்கில் நிலையான தொடக்க ஆட்டக்காரராக ஆகவில்லை.

கொடுக்காமல் வைத்திருந்தவர்களைப் பார்த்தால்தான் இந்த வேலையின் அழகு தெரியும். அந்த ஜூலையில் மைக்கேல் ஹாரிஸும் ஸ்பென்சர் ஸ்ட்ரைடரும் பிரேவ்ஸின் மைனர் லீக்கில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு, 2022-இல், மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் ஹாரிஸ். இரண்டாம் இடம் ஸ்ட்ரைடர். பெரிய பெயர் ஒன்றைத் துரத்தியிருந்தால் இவர்களில் ஒருவராவது போயிருப்பார்.

ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைத்தார்கள்?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது ஒப்பந்தம். நால்வருமே அடுத்த ஆண்டுக்கு உறுதியில்லாதவர்கள். சீசன் முடிந்ததும் கையை விட்டுப் போகக்கூடிய ஆளை ‘வாடகை ஆட்டக்காரர்’ என்பார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு ஆகஸ்டில் அவரால் பயன் ஒன்றுமில்லை.

இரண்டாவது, அந்த ஆண்டின் எண்கள். சொலேர் 2019-இல் 48 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்தவர். 2021 ஜூலையில் அவரது பேட்டிங் சராசரி (மட்டை பிடித்த முறைகளில் அடித்துத் தளத்தை எட்டிய பங்கு) 0.192. பார்ப்பவர்கள் 0.192-ஐப் பார்த்தார்கள். ஆனால் மட்டையில் பட்ட பந்து எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை இன்று ஒவ்வொரு மைதானத்திலும் அளக்கிறார்கள். பந்தைப் பலமாக அடிப்பவரின் சராசரி சில மாதம் சரிந்திருந்தால், அது திரும்ப ஏற வாய்ப்பு உண்டு. பலமே போய்விட்டவரின் கதை வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் ஜூலை மாதத் திறமை. அட்லாண்டாவில் சொலேர் 55 ஆட்டங்களில் 0.269 அடித்தார்.

மூன்றாவது காரணம், ரொசாரியோ. அவரே அப்போது காயமடைந்திருந்தார்.

காயத்துக்கு மாற்றாகக் காயமடைந்த இன்னொருவரையா வாங்கினார்கள்?

ஆம். வயிற்றுப் பக்கவாட்டுத் தசையில் பிடிப்பு. காயப் பட்டியலில் இருந்தார். ஆகஸ்ட் கடைசியில்தான் பிரேவ்ஸுக்காகக் களமிறங்கினார். தசைப்பிடிப்புக்குச் சில வாரங்கள் போதும், தசைநார் கிழிந்தால் ஓராண்டு வேண்டும் என்ற வித்தியாசத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. விற்பவருக்கு இன்றைய தேதி முக்கியம், வாங்குபவருக்கு பிளே-ஆஃப் நடக்கும் அக்டோபர் முக்கியம். இந்த இடைவெளியில் விலை விழுந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு எதிரான நேஷனல் லீக் இறுதித் தொடரில் ரொசாரியோ ஆறு ஆட்டங்களில் 14 ஹிட், 3 ஹோம் ரன், 0.560 சராசரி. தொடர் நாயகன் விருதும் அவருக்கே. ஆறாவது ஆட்டத்தில் வாக்கர் பியூலரின் பந்தில் அவர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னை இன்று பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஒரே பிரிவில் இருக்கும் மயாமி ஏன் டுவாலை பிரேவ்ஸுக்கே கொடுத்தது?

மயாமி அந்த ஆண்டு போட்டியில் இல்லை. அவர்களுக்கு கேட்சர் தேவைப்பட்டது. ‘போட்டியாளருக்கு உதவக் கூடாது’ என்று ரசிகர்கள் நினைப்பார்கள். நிர்வாகங்கள் பெரும்பாலும் அப்படி யோசிப்பதில்லை. டுவால் 38 ஹோம் ரன், 113 ரன் உந்துதலுடன் (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்) சீசனை முடித்தார். ரன் உந்துதலில் அந்த எண்தான் நேஷனல் லீக்கில் முதலிடம்.

முடிவு என்ன ஆனது?

பிரேவ்ஸின் வெற்றி எண்ணிக்கை தோல்வியை முதன்முறையாகத் தாண்டியதே ஆகஸ்ட் 6-இல்தான். 88 வெற்றிகளுடன் பிரிவை வென்றார்கள். அந்த ஆண்டு பிளே-ஆஃபுக்குப் போன அணிகளில் அதுதான் மிகக் குறைந்த எண்ணிக்கை. மில்வாக்கியையும் டாட்ஜர்ஸையும் வீழ்த்தி, இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸை 4–2 என வென்றார்கள். 1995-க்குப் பிறகு அவர்களது முதல் பட்டம். வேர்ல்டு சீரிஸ் நாயகன் சொலேர்: மூன்று ஹோம் ரன்கள். முதல் ஆட்டத்தின் முதல் மட்டையாளராக வந்து அடித்தது ஒன்று. நவம்பர் 2 அன்று ஹியூஸ்டனில் மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தது கடைசி.

அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் நன்றாக ஆடுவார்கள் என்று யாராலும் திட்டமிட முடியாது. ஆனால் ஒருவரை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஒருவர் சோபிக்காதபோது எல்லாமே முடிந்திருக்கும். நால்வரில் இருவர் தேறினாலும் பிழைக்கலாம் என்ற ஏற்பாட்டை அவர்கள் திட்டமிட்டுத்தான் செய்தார்கள்.

அதே காரணத்துக்காக டிரேட் செய்து கைசுட்டுக்கொண்டவர்கள் உண்டா?

அதே ஆண்டு, அதே நாள், அதே பிரிவு. மெட்ஸின் ஷார்ட்ஸ்டாப் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் ஜூலை 16 அன்று பக்கவாட்டுத் தசைக் காயத்தோடு வெளியேறினார். மெட்ஸ் அப்போது முதலிடத்தில். ஜூலை 30 அன்று கப்ஸிடமிருந்து ஹவியேர் பயெஸை வாங்கினார்கள். கூடவே பிட்சர் ட்ரெவர் வில்லியம்ஸ். கொடுத்தது, முந்தைய ஆண்டு முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங் என்ற இளம் அவுட்ஃபீல்டரை.

பயெஸ் மோசமாக ஆடவில்லை. மெட்ஸுக்காக 47 ஆட்டங்களில் 9 ஹோம் ரன், 0.299 சராசரி. இருந்தும் அணி 77–85 என்று சரிந்தது. ஏன்? என் பார்வையில், அவர்கள் தவறான ஓட்டையை அடைத்தார்கள். லிண்டோர் ஆகஸ்டு இறுதிக்குள் திரும்பிவிட்டார். ஆனால் அவர்களது தலைசிறந்த பிட்சர் ஜேக்கப் டிக்ராம் ஜூலை 7-க்குப் பிறகு அந்த ஆண்டு பந்து வீசவே இல்லை. அந்தப் பள்ளத்துக்கு வாங்கியது 41 வயது ரிச் ஹில்லை. பயெஸ் சீசன் முடிந்ததும் டெட்ராய்டுக்குப் போய்விட்டார். க்ரோ-ஆம்ஸ்ட்ராங் 2025-இல் கப்ஸுக்காக 31 ஹோம் ரன் அடித்து 35 தளங்களைத் திருடினார்.

பழைய கதை ஒன்று இதைவிடக் கொடுமை. 1990 ஆகஸ்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் கடைசிக்கட்ட பிட்சர் ஜெஃப் ரியர்டனுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. பந்துவீச்சைத் தாங்க ஆள் வேண்டும் என்று மாதக் கடைசியில் ஹியூஸ்டனிடமிருந்து லாரி ஆண்டர்சனை வாங்கினார்கள். ஆண்டர்சன் 22 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) அருமையாக வீசினார்; பாஸ்டன் பிரிவையும் வென்றது. பிறகு ஓக்லண்டிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்று வெளியேறியது. ஆண்டர்சன் அத்துடன் வேறு அணிக்குப் போய்விட்டார். ஹியூஸ்டனுக்குப் போன இளைஞரின் பெயர் ஜெஃப் பேக்வெல். 449 ஹோம் ரன், 1994-இன் நேஷனல் லீக் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, 2017-இல் ஹால் ஆஃப் ஃபேம். ஒரு மாத வேலைக்குப் பதினைந்து ஆண்டு ஆட்டக்காரரைக் கொடுத்தார்கள்.

மைனர் லீக்கிலிருந்தே ஒருவரைக் கொண்டுவந்தால் செலவு மிச்சம்தானே?

எப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். தயாரான ஆள் இருந்தால் டிரேட் வேண்டாம். தயாரில்லாதவரை அவசரத்துக்கு மேலே கொண்டுவந்தால் இரண்டு நஷ்டம்: அணியும் தோற்கும், அந்த இளைஞரின் தன்னம்பிக்கையும் போகும். பாச்சே 2021 ஏப்ரலில் அப்படித்தான் திணறினார். அவரது சராசரி 0.111. காயம் நடந்தபோது பிரேவ்ஸுக்கு இந்தப் பாடம் ஏற்கனவே தெரிந்திருந்தது.

டிரேட் பேசி முடித்த பிறகு நின்றுபோகுமா?

போகும். பெரும்பாலும் மருத்துவ அறிக்கையால். பேச்சு முடிந்ததும் இரு அணிகளும் ஆட்டக்காரர்களின் மருத்துவக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். மருத்துவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகே டிரேட் உறுதியாகும்.

2015 ஜூலை 29 இரவு நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மெட்ஸ் அணி மில்வாக்கியின் கார்லோஸ் கோமெஸை வாங்குகிறது, ஈடாக வில்மர் ஃப்ளோரஸ் போகிறார் என்ற செய்தி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பரவியது. களத்தில் நின்ற ஃப்ளோரஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே ஆடினார். பதினாறு வயதிலிருந்து அவர் இருந்த நிறுவனம் அது. கோமெஸின் இடுப்பு பற்றிய சந்தேகத்தால் டிரேட் நின்றது. இரண்டு நாள் கழித்து, ஃப்ளோரஸே பன்னிரண்டாம் இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து மெட்ஸை வெல்ல வைத்தார். அன்றைக்குத்தான் மெட்ஸ் டெட்ராய்டிலிருந்து யோனிஸ் செஸ்பெடெஸை வாங்கியது. அவர் 57 ஆட்டங்களில் 17 ஹோம் ரன் அடிக்க, மெட்ஸ் வேர்ல்டு சீரிஸ் வரை போனது.

மருத்துவத் தகவலை மறைத்தால் தண்டனை உண்டு. 2016-இல் சான் டியாகோ பாட்ரெஸ் பிட்சர் ட்ரூ பொமரான்ஸை பாஸ்டனுக்குக் கொடுத்தபோது முழுத் தகவலைத் தரவில்லை என்று, அதன் பொது மேலாளர் ஏ.ஜே. ப்ரெல்லருக்கு லீக் 30 நாள் தடை விதித்தது.

ஆட்டக்காரர் வர மறுக்கலாமா?

சிலர் மறுக்கலாம். மேஜர் லீக்கில் பத்தாண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியில் இருந்தவருக்கு அந்த உரிமை தானாகவே வரும். வேறு சிலர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருப்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். குடும்பம், வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்று நாளுக்குள் புது ஊரில் இருக்க வேண்டும். ரசிகர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு ஜூலையிலும் தோன்றும்.

காயமடைந்தவர் திரும்பி வந்ததும் மாற்றாக வந்தவர் என்ன ஆவார்?

வாடகை ஆட்டக்காரர் என்றால் பெரும்பாலும் சிக்கல் வராது. அதற்குள் ஒப்பந்தம் முடிந்திருக்கும். 2021-க்குப் பிறகு சொலேர் மயாமிக்கும், பீடர்சன் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் போனார்கள். ரொசாரியோவும் டுவாலும் அட்லாண்டாவில் தங்கினார்கள். அகுன்யா 2022 ஏப்ரல் இறுதியில் திரும்பினார். 2023-இல் 41 ஹோம் ரன், 73 திருட்டு. மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது ஒருமனதாக. 2024 மே மாதம் இடது முழங்காலில் அதே தசைநார் கிழிந்தது. அந்த ஜூலையில் பிரேவ்ஸ் டிரேட் செய்து அழைத்து வந்ததும் சொலேரைத்தான். ரொசாரியோவும் அந்தக் கோடையில் திரும்ப வந்தார். இந்த முறை பிளே-ஆஃப் முதல் சுற்றில் சான் டியாகோவிடம் இரண்டே ஆட்டத்தில் தோற்றார்கள்.

கெடு முடிந்த பிறகு ஒருவர் காயமடைந்தால்?

2019-க்கு முன்பு ஆகஸ்டிலும் சுற்றுவழியாக டிரேட் செய்யலாம். இப்போது ஒரே கெடு; ஜூலை 28-க்கும் ஆகஸ்ட் 3-க்கும் இடையில் லீக் ஆணையர் நாள் குறிப்பார். அதன் பிறகு, அந்த ஆண்டு 40 பேர் பட்டியலில் ஒருமுறைகூட இடம்பெறாத மைனர் லீக்காரர்களை மட்டும்தான் டிரேட் செய்ய முடியும்.

இன்னொரு அணி கைவிடும் ஆட்டக்காரரை உரிமை கோரி எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். கோருவோர் வரிசையில் தோல்வி அதிகமுள்ள அணிக்கே முன்னுரிமை. 2023 ஆகஸ்ட் இறுதியில் ஏஞ்சல்ஸ் அணி செலவைக் குறைக்கப் பலரை மொத்தமாக விட்டபோது, பிட்சர்கள் பலர் காயத்தில் இருந்த க்ளீவ்லாண்ட் அப்படி லூகாஸ் ஜியோலிட்டோ உட்பட மூன்று பிட்சர்களை எடுத்தது. அப்படியும் பிளே-ஆஃபுக்குப் போக முடியவில்லை. பிளே-ஆஃபில் ஆட வேண்டியவர் ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குள் அணி நிறுவனத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், அந்தத் தேதிக்குப் பிறகு வருபவரால் அக்டோபரில் பயனில்லை.

பிளே-ஆஃப் தொடரின் நடுவே ஒருவர் காயமடைந்தால், லீக் அனுமதியோடு சொந்த நிறுவனத்திலிருந்து ஒருவரைச் சேர்க்கலாம். ஆனால் வெளியேறியவர் அந்தச் சுற்றிலும் அடுத்த சுற்றிலும் ஆட முடியாது. 2021 வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டத்தில் பிரேவ்ஸின் சார்லி மார்ட்டனின் காலில் பந்து பட்டு எலும்பு முறிந்தது. முறிந்த காலோடு இன்னும் 16 பந்துகள் வீசிவிட்டுத்தான் அவர் வெளியேறினார். அவர் இடத்தில் சேர்க்கப்பட்டவர் டக்கர் டேவிட்சன் என்ற இளம் பிட்சர்; முன்கைக் காயத்தால் ஜூனிலிருந்து மேஜர் லீக்கில் பந்து வீசாதவர். ஐந்தாவது ஆட்டத்தை அவர்தான் தொடங்கினார்.